எதிர்மறை ஒளி

கடலின் நிறத்தை அளக்கப் போன செயற்கைக்கோள் பெரும்பாலும் பார்ப்பது காற்றைத்தான். அதன் கண்ணில் விழும் ஒளியில் நீருக்குள் போய்த் திரும்பியது பத்தில் ஒரு பங்கு தேறினால் அதிகம். மீதி காற்றும் தூசும் நீர்ப்பரப்பின் பளபளப்பும். 1978ல் நிம்பஸ்-7 சுமந்து சென்ற கருவியிலிருந்து 2024ல் ஏவப்பட்ட பேஸ் வரை காரியம் ஒன்றே: கழித்தல். மிஞ்சிய ஒளியிலிருந்து நுண்பாசிகளின் பச்சையத்தைக் கணக்கிடுகிறார்கள். பெரிய எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழிப்பதால், மூலத்தில் அரை சதவீதப் பிழை மிச்சத்தில் ஐந்து சதவீதமாகிவிடும். 1997ல் சென்ற ஸீவிஃப்ஸுக்கு வைத்துக்கொண்ட இலக்கே ஒளியில் 5 சதவீதம், பச்சையத்தில் 35 சதவீதப் பிழைக்குள் என்பதுதான். இந்த வெளிப்படைத்தன்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

கழிப்பதற்கு ஓர் அனுமானம் வேண்டும். அகச்சிவப்பை ஒட்டிய ஒளியில் கடல் கறுப்பு என்று வைத்துக்கொள்கிறார்கள். அங்கே தெரிவதெல்லாம் காற்றின் வேலை; அதைக் கொண்டு நீலத்தில் காற்றின் பங்கை ஊகிக்கலாம். ஹவாயில் லானாய் தீவருகே 1997லிருந்து நிறுத்தப்பட்டுவரும் மோபி மிதவையின் அளவுகளோடு ஒப்பிட்டு, கருவியையும் கணக்கையும் சேர்த்தே திருத்துகிறார்கள். அங்கே நீர் தெளிவு என்பதால்தான் அந்த இடம். (தெளிந்ததை உரைகல்லாக வைத்துக் கலங்கலை மதிப்பிடுவது நம் விமர்சனத்துக்கும் பழக்கமான காரியம்தான்.) ஹூக்ளி முகத்துவாரத்தில் கடல் கறுப்பு இல்லை. சேறு ஒளிர்கிறது. கணக்கு அதையும் காற்றின் தலையில் கட்டி, அளவுக்கு மேல் கழித்து, நீலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடுகிறது. கலங்கல் நீருக்குத் தனி வழிகள் பின்னால் வந்தன. எதிர்மறை எண்கள் முற்றிலும் ஒழிந்தபாடில்லை.

இந்த எண்ணை என்ன செய்வது? இதை வெறும் தொழில்நுட்பப் பிரச்னையாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. இயற்கையில் இப்படியொரு ஒளி கிடையாது, ஆகவே அழித்துவிடு என்று சொல்வது சுலபம். ஆனால் உண்மை பூஜ்யத்தை ஒட்டி இருக்கும்போது தற்செயல் பிழை இருபுறமும் விழும். கீழே விழுந்ததை மட்டும் அழித்தால், மேலே விழுந்தது கேள்வியில்லாமல் தங்கிச் சராசரியை உயர்த்திவிடும். அபத்தமான எண்ணையும் கூட்டலில் சேர்த்துக்கொள்வதுதான் அங்கே நேர்மை.

சேற்றால் வந்த பிழை வேறு ஜாதி, ஒருபக்கமாகவே சாயும். அதில் எதிர்மறை எண் தன்னைத்தானே காட்டிக் கொடுத்துவிடுகிறது. என்னை உறுத்துவது அதன் பக்கத்து எண். அதே கோளாறில் பிறந்து, பூஜ்யத்துக்குச் சற்று மேலே தங்கிவிட்டதால் ஒழுங்கானதென்று பெயர் வாங்கிவிடுகிறது. நீலம் குறைந்ததால் பச்சையம் கூடியதாகக் கணக்காகி, வரைபடத்தில் செழிப்பாக அச்சாகிறது. இந்தியாவில் மீன் கூடுமிடங்களைக் கணிக்கவும் பச்சைய வரைபடம் ஓர் ஆதாரம். கரைக்கு வந்து சேரும் அறிவிப்பில் இடமும் தூரமும் இருந்தால் போதாது. அந்தப் பச்சை எவ்வளவு சந்தேகத்துக்குரியது என்பதும் இருக்கவேண்டும். டீசல் படகுக்காரருடையது.