சுருங்கின கனியும் மத்தியான வெயிலும்



ஹங்கேரி தேசத்தின் வடகிழக்கில் தோக்காய் என்று ஒரு சிற்றூர் உண்டு. பொத்ரோக் என்னும் ஆறு திஸா நதியோடு கலக்குமிடத்தில், ஒரு மலையின் அடிவாரத்தில் அது அமைந்திருக்கிறது. ஊர் சிறிது, பேர் பெரிது. 1737-ம் ஆண்டிலேயே அங்குள்ள திராட்சைத் தோட்டங்களுக்கு அரச கட்டளையால் எல்லை வகுக்கப்பட்டது. 2002-ம் ஆண்டில் யுனெஸ்கோ ஸ்தாபனம் அப்பிரதேசத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

அங்கே போகிறவர்கள் அவசியம் காண்பது நிலவறைகளையே. எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான பாறையை முன்னோர் கையாலேயே குடைந்து அவற்றை உண்டாக்கினார்கள். பல நிலவறைகளின் வாசல் தாழ்வானது. தலை குனிந்தவனே உள்ளே நுழையலாம். கோடையிலும் குளிர்காலத்திலும் உள்ளே சுமார் 10 முதல் 12 டிகிரி குளிர்ச்சி. சுவரெல்லாம் கருங்கம்பளி போர்த்தாற்போல் பூஞ்சணம் படர்ந்திருக்கும். நாமாயிருந்தால் துடைப்பத்தைத் தேடுவோம். அவர்களோ அதன்மேல் கைவைப்பதில்லை. பீப்பாய்களிலிருந்து எழும் ஆவியை உண்டு வாழும் அந்தப் பூஞ்சணம் நிலவறைக்கு நன்மையே செய்கிறதென்று அறிந்து அதைப் பேணுகிறார்கள்.

பீப்பாயிலுள்ள இரசத்தின் வரலாறு இன்னும் ஆச்சரியமானது. இலையுதிர் காலத்துக் காலைவேளைகளில் ஆறுகளிலிருந்து மூடுபனி எழும்பித் தோட்டங்களை மூடும். அந்த ஈரத்தில், பழுத்த கனிகளை வேறொரு பூஞ்சணம் பற்றித் தோலைத் துளைக்கும். மத்தியானத்தில் வெயில் எறிக்கும்போது, துளைபட்ட தோல் வழியாய் நீர் வற்றி, கனி சுருங்கி நிறம் மாறிப்போகும். அறியாதவன் அதை அழுகல் என்று எறிந்துவிடுவான். தோட்டக்காரனோ, வற்றினது தண்ணீர் மாத்திரமே, இனிமை உள்ளே திரண்டிருக்கிறது என்று அறிவான். அக்கனிகளை ஒவ்வொன்றாய்க் கையால் கிள்ளிச் சேர்ப்பார்கள். ஒரே கொடிக்குத் திரும்பத் திரும்ப வரவேண்டும். நவம்பர் மாதம்மட்டும் இந்த வேலை நீள்வதுண்டு. பின்பு அவற்றை இரசத்தில் ஊறவைத்துப் பிழிந்து, இருளிலே வருஷக்கணக்காய்க் காத்திருப்பார்கள். இதற்கு அஸூ என்று பெயர்.

மது பானத்தைப் புகழ இதைச் சொல்லவில்லை. குடியினால் அடுப்பெரியாத வீடுகளையும், தகப்பனைக் கண்டு நடுங்குகிற பிள்ளைகளையும் நாம் அறிவோம். அந்தப் பாவத்துக்கு இங்கே சாக்கு இல்லை. ஆனால் தம்மைத் திராட்சைச் செடியென்றும் நம்மைக் கிளைகளென்றும் சொன்னவர் நம் ஆண்டவர் அன்றோ? ஆகையால் திராட்சைத் தோட்டம் நமக்கு ஒரு ஞானப் பள்ளிக்கூடம்.

அங்கே கற்கவேண்டிய முக்கியமான பாடம் யாதெனில்: அந்தப் பூஞ்சணம் எப்போதும் இனிமையைத் தருவதில்லை. மழை விடாமல் பெய்து, வெயில் முகம் காட்டாமற்போனால், அதே பூஞ்சணம் அதே கனியை அழுக்கிக் கெடுத்துவிடும். கனியும் ஒன்று, பூஞ்சணமும் ஒன்று. வேறுபாடெல்லாம் வெயிலினால் உண்டாவது.

துன்பமும் அப்படியே. துன்பப்பட்டவரெல்லாம் புனிதராகிவிடுவதில்லை. ஒரே வியாதி ஒருவரைப் பொறுமையிலும் ஜெபத்திலும் கனியப்பண்ணுகிறது. மற்றொருவரைக் கசப்பும் முறுமுறுப்புமாக்குகிறது. தேவ இஷ்டப்பிரசாதம் என்னும் வெயில் படாத கஸ்தி ஆத்துமத்தை அழுக்கிப்போடும்.

அந்த வெயில் எங்கிருந்து வரும்? ஜெபத்தினாலும் தேவதிரவிய அநுமானங்களினாலும் வரும். பெரும்பாலும் அயலானுடைய அன்பின் வழியாகவும் வரும். கட்டிலோடு கட்டிலாய்க் கிடக்கிற தாயார், “எனக்கு ஏன் இன்னும் சாவு வரவில்லை?” என்று கேட்கிறாள். அவளுக்குக் கஞ்சி கொடுக்கிறோம், மருந்து கொடுக்கிறோம். அவளருகில் அரைமணி நேரம் உட்காருகிறோமா? சுருங்கின கனியென்று மூலையில் ஒதுக்கிவிட்டு, “வர வர அம்மாவுக்குக் கோபம் அதிகம்” என்று குறை சொல்லுகிறோமே! வெயிலை மறைத்தவர்கள் நாமேயல்லவா?

ஹங்கேரியில் கத்தோலிக்கர் அப்போஸ்தலரான அர்ச். அருளப்பர் திருநாளாகிய டிசம்பர் 27-ந் தேதி இரசத்தைக் கோவிலுக்குக் கொண்டுவந்து மந்திரிக்கும் வழக்கமுண்டு. மந்திரித்ததில் கொஞ்சம் பீப்பாய்களில் ஊற்றுவதும் உண்டு. தங்கள் பிரயாசைமேல் தேவ ஆசீர் தங்கவேண்டும் என்பதே அவர்கள் கருத்து.

நாமும் இந்த வாரம் வீட்டிலோ அண்டையிலோ வியாதியாய் இருக்கும் ஒருவரிடம் போவோம். புத்தி சொல்லவேண்டாம். கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, அவர் சொல்வதைக் கேட்டு, ஒரு அருள்நிறை மந்திரம் சேர்ந்து சொல்லி வருவோம். நற்கருணை வாங்க ஆசைப்பட்டால் பங்கு சுவாமிக்குத் தெரிவிப்போம். நம் கண்ணுக்கு வீணாய்த் தோன்றும் அந்தக் கனியில் சர்வேசுரன் எவ்வளவு இனிமையைச் சேர்த்து வைத்திருக்கிறார் என்பது, அறுப்பின் நாளிலே விளங்கும்.

ஆமென்.