வகுப்பில் எஞ்சும் பிள்ளை

ஆண்டுதோறும் பள்ளியிலிருந்து நம் பிள்ளைகள் ஒரு சீட்டைக் கொணர்வர். சுற்றுலாவுக்குரிய தொகை, புறப்படும் நாள், அடியில் பெற்றோர் கையொப்பமிடச் சிறிது இடம். இரண்டொரு நாள் அச்சீட்டு அலமாரியின் மேல் கிடக்கும். அத்தா தொகையை நோக்குவார். அம்மா இரவுப் பயணத்தை எண்ணிக் கலங்குவார். பிள்ளையோ இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்து நிற்கும்.

அம்மாவின் கலக்கத்தைப் பேதைமை என்று தள்ளுவதற்கில்லை. 2007 பிப்ரவரியில் கேரளத்துத் தட்டேக்காட்டில், அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய படகு கவிழ்ந்து, சுற்றுலா வந்த பள்ளிப் பிள்ளைகள் 15 பேரும் ஆசிரியர்கள் 3 பேரும் மாண்டனர். பிள்ளையை இறைவன் தந்த அமானிதம் என்று கருதும் நாம், யார் கையில் ஒப்படைக்கிறோம் என்று வினவுவது கடமையே. ஆயின் அமானிதமாக வந்த பொன்னைப் பெட்டியில் பூட்டலாம். வளரும் உயிரைப் பூட்டிக் காத்தல் கூடுமோ? 1325இல் 21 வயது இளைஞராய்த் தாஞ்சியரை விட்டகன்ற இப்னு பதூதாவுக்குப் பெற்றோர் இருவரும் உயிருடன் இருந்தனர். பிரிவுத் துயரைத் தாங்கி அவர்கள் விடை தந்ததனாலன்றோ, பின்னாளில் மதுரையைக் கண்டெழுத ஒரு பயணி நமக்குக் கிடைத்தார்!

எனினும் நம்மை அதிகம் உறுத்துவது அச்சமன்று, தொகைதான். நாற்பது பேர் உதகைக்குப் பேருந்தேறும் நாளில், பணங்கட்ட இயலாத ஐந்தாறு பேர் வகுப்பில் எஞ்சுகின்றனர். ஊர் பார்த்து மீண்டவர் கற்றது எவ்வளவோ. எஞ்சியவர் கற்றுக்கொள்ளும் பாடம் மட்டும் உறுதியானது. 1907இல் பேடன் பவல் பிரௌன்சீ தீவில் நடத்திய முதல் முகாமில், செல்வர் வீட்டுச் சிறுவரையும் உழைப்பாளர் வீட்டுச் சிறுவரையும் கலந்தே கூடாரங்களில் தங்கவைத்தார். இன்றைய உல்லாசப் பயணங்கள் அதனை மறந்துவிட்டன.

கீழப்பழுவூரை எடுத்துக்கொள்வோம். பழுவேட்டரையர் ஆண்ட மண். அருகே, வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. சிமெண்டு ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் தரும் இந்நிலம், ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் கிடந்தது. சுருள் ஓடுடைய அம்மோனைட்டுகளும் சுறாவின் பற்களும் இன்றும் அகப்படுகின்றன. சில கல் தொலைவில் கரைவெட்டி ஏரி. காவிரி நீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியே வந்து நிரப்ப, குளிர்காலத்தில் இமயத்தைக் கடந்து வரித்தலை வாத்துகள் வந்திறங்குகின்றன. 2024இல் அது ராம்சர் ஈரநிலமாயிற்று. மங்கோலியாவிலும் திபெத்திலும் குஞ்சு பொரிக்கும் பறவை இத்தனை தொலைவு நாடி வரும் ஏரியை, அருகிலுள்ள பிள்ளைகளே காணாது உதகைக்கு ஓடுவது வியப்பன்றோ! விடியலில் புறப்பட்டால் உச்சிப்பொழுதுக்குள் வீடு திரும்பலாம். பேருந்துக் கட்டணமும் கட்டுச்சோறும் போதும். ஒரு பிள்ளையும் எஞ்ச வேண்டியதில்லை.

இதிலும் ஒரு வழுக்கல் உண்டு. அருகிலிருக்கும் ஏரி பெண்மக்களுக்கு, தொலைவிலிருக்கும் மலை ஆண்மக்களுக்கு என்று நாமே பங்கிட்டுவிடுவோம். மகனுடைய சீட்டில் மறுநாளே கையொப்பமிட்டு, மகளுடைய சீட்டை மட்டும் அலமாரியில் கிடக்கவிட்ட தந்தையர் நம்முள் எத்தனை பேர்? கூட வரும் ஆசிரியை யார், இரவு தங்குமிடம் எது என்று கேட்டுத் தெளிவது காவல். கேளாமலே மறுப்பதை அப்பெயரால் அழைக்க நமக்கு மனம் ஒப்பவில்லை.