பதினோரு வயது வாசகனும் ஒரு மீனின் கணக்கும்

உப்பூரில் இருக்கும் ஆசிரிய நண்பர் ஒருவர் சென்ற ஜூனில் என்னிடம் ஒரு பட்டியல் கேட்டார். ஐந்து முடித்து ஆறாம் வகுப்பில் சேரும் பையன்களுக்குப் படிக்கக் கொடுக்கத்தக்க கதைப் புத்தகங்கள். பத்துப் பெயர் போதும். பீரோ ஒன்று காலியாக இருக்கிறது, பழைய மாணவர்கள் பணம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். வங்கியில் குமாஸ்தாவாக இருந்துகொண்டு சிறுபத்திரிகையில் விமர்சனமும் எழுதுகிறவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று அவர் நினைத்ததில் தவறில்லை. ஒரு மாலையில் எழுதிவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன்.

எழுதவும் செய்தேன். வாண்டுமாமாவில் தொடங்கினேன். கி. ராஜநாராயணனின் ‘பிஞ்சுகள்’: பறவை முட்டைகளைத் தேடித் திரியும் கரிசல்காட்டுப் பையனின் கதை. ஐத்மாத்தவின் ‘முதல் ஆசிரியர்’. ஜெயமோகனின் ‘பனிமனிதன்’. இராமேஸ்வரத்துக்காரரான யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’. 2020க்கான பால சாகித்ய புரஸ்கார் பெற்றது. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவியையும், நண்பர் அடித்துவிடுவார் என்று தெரிந்தே, சேர்த்தேன். அவர் அடித்தார். பாலபாரதியின் புத்தகத்தையும் அடிக்கப் போனார். பெரியவர்களின் கை எங்கே நீளக்கூடாது என்பதைப் பேசும் கதை அது. பொம்பளைப் பிள்ளைகளுக்கு உரியது என்றார். பையன்களுக்குத்தான் முதலில் வேண்டும் என்று நான் வாதாடியதில் அது தப்பியது. பையன்களுக்குச் சாகசம், பெண்களுக்கு ஜாக்கிரதை என்று பிரிக்கும் பழக்கம் பற்றித் தனியாகவே எழுதலாம். இங்கே அது என் விஷயமில்லை.

நண்பர் தம் பங்குக்கு முதலிடத்தில் ‘அக்னிச் சிறகுகள்’ என்று எழுதினார். அது கதையில்லையே என்றேன். “எங்க பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதைவிடக் கதை ஏது?” என்றார். ஒரு வகையில் சரிதான். இராமேஸ்வரத்துப் பையன் இராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளியில் படிக்கப் புறப்பட்டு ராஷ்டிரபதியாகும் அந்த வாழ்க்கை, இந்தக் கரையில் கதையாகவே புழங்குகிறது. ஆண்டுவிழாக்களில் சொல்லப்படும்போது அதில் ரயிலிலிருந்து எறியப்படும் பத்திரிகைக் கட்டுகளைப் பிடிக்கும் சிறுவன் வருவான், ராக்கெட் வரும். யாத்ரீகர்களை தனுஷ்கோடிக்கு ஏற்றிச் செல்ல அவர் தகப்பனார் கட்டிய மரப்படகைப் புயல் அடித்துக்கொண்டு போனதும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது. அதை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை.

பட்டியல் நின்றுபோனதற்குக் காரணம் இவை எதுவுமில்லை. காரணம் ஒரு பையன்.

மோர்ப்பண்ணையிலிருந்து வருகிறவன். அவன் தாயார் நகைக்கடனுக்கு வட்டி கட்டி மறுபடி வைக்க வந்திருந்தார். இவர்களுடைய நண்டு வலையை இழுவைப் படகு ஒன்று அறுத்துக்கொண்டு போன வாரம் அது. தாயார் வரிசையில் நிற்க, இவன் பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். 2018இல் வந்த ஆறாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில், முதல் பருவத்திலேயே, ‘கிழவனும் கடலும்’ விரிவானமாக இருக்கிறது. ஹெமிங்வேயின் நாவல் சில பக்கப் படக்கதையாக. நம் அரசாங்கப் பாடநூலில் ஹெமிங்வேயா என்று முதலில் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. கடற்கரைப் பையனுக்குக் கடற்கதை. இதைவிடப் பொருத்தம் என்ன வேண்டும்?

என்னை நண்பரோடு பார்த்திருக்கிறான். பக்கத்தில் வந்தான்.

“சார், அந்தக் கிழவரு ஜெயிச்சாரா தோத்தாரா?”

“நீ என்ன நினைக்கிற?”

“ஜெயிச்சாருன்னு எழுதணும். எலும்ப வச்சு என்ன சார் செய்வாரு? சாமானெல்லாம் போச்சுல்ல, அத யாரு குடுப்பா?”

மனசால ஜெயிச்சார் என்று சொன்னேன். சொல்லும்போதே கூசியது. அவன் மறுத்துப் பேசவில்லை. பெரியவர்கள் சொல்வதை ஏற்றுக்கொள்ளும் பாவனையில் தலையை ஆட்டிவிட்டு அம்மாவிடம் போனான். கவுண்டரில் அந்த அம்மாள் கையெழுத்திட்டுக்கொண்டிருந்தார். இதே கிழவனைப் பற்றி நான் முன்பு ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். அதில் அந்த எலும்புக்கூடு மனித இருப்பின் குறியீடு. இன்னும் என்னென்னவோ. எலும்பை வைத்து என்ன செய்வான் என்ற கேள்வி அந்தக் கட்டுரைக்காரனுக்குத் தோன்றவேயில்லை. மாதச் சம்பளம் வாங்குகிறவனுக்குத் தோன்ற நியாயமில்லை.

சிறுவனுக்கு எந்தக் கதையைச் சொல்லலாம் என்பது பழைய கேள்வி. கதை கட்டுகிறவர்களைக் கண்காணிக்க வேண்டும், நல்லதை மட்டும் தாய்மாரும் செவிலியரும் சொல்ல விட வேண்டும் என்று பிளாட்டோ ‘குடியர’சில் சட்டம் போட்டார். ரூஸோ இன்னும் கறார். 1762இல் வந்த ‘எமி’லில் பையனுக்கு முதலில் ஒரே ஒரு புத்தகம்தான்: ராபின்ஸன் குருஸோ. அதிலும் ஒரு நிபந்தனை. கப்பல் உடைவதில் தொடங்கி, மீட்கும் கப்பல் வருவதோடு முடிய வேண்டும். மற்றவை குப்பை, நீக்கிவிடலாம்.

அந்தக் குப்பையில் என்ன இருக்கிறது என்று டீஃபோவை எடுத்துப் பார்த்தேன். கப்பல் உடைவதற்கு முன்: குருஸோ பிரேஸிலில் தோட்ட முதலாளி, கினியாக் கரையிலிருந்து அடிமைகளை ஏற்றிவரப் புறப்பட்ட கப்பல்தான் உடைகிறது. மீட்கப்பட்ட பின்: அவன் தீவிலிருந்த காலமெல்லாம் தோட்டம் லாபம் ஈட்டியிருக்கிறது, பணக்காரனாகிறான். இரு முனைகளையும் வெட்டிவிட்டால் மிஞ்சுவது உழைப்பு, தன்னம்பிக்கை, தச்சு வேலை. பையனுக்கு எவ்வளவு ஆரோக்கியமான புத்தகம்! வெட்டப்பட்டது ஆபாசமோ கொடூரமோ இல்லை, கணக்கு. யார் செலவில் ஒருவன் வீரனானான் என்ற கணக்கு. (தீவுக்குள்ளும் குருஸோ தன் நன்மை தீமைகளைப் பற்று வரவு போல இரு பத்திகளாக எழுதி வைக்கிறான். என் தொழிலுக்கு அடுத்தவன் என்று அவன்மேல் எனக்கு எப்போதும் ஒரு ஒட்டுதல்.)

வயதுக்கேற்றது என்று நாம் சுருக்கும்போதெல்லாம் இதுதான் நடக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. சாவை நீக்குவதில்லை, புராணத்திலும் காமிக்ஸிலும் சாவு தாராளமாக உண்டு. சுறாவை நீக்குவதில்லை. நீங்குவது கடன். அது கதைக்கு அவசியமில்லாத விவரம் என்று தயாரிக்கிறவர்கள் மனதார நம்புகிறார்கள். வீட்டில் கடன் பேச்சைக் கேட்காமல் வளரும் பையனுக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. மோர்ப்பண்ணைப் பையனுக்கு, புத்தகம் என்பதே தன் வீட்டில் நடப்பது நடக்காத இடம் என்றாகிவிடுகிறது. நல்ல பையனாகத் தேர்வில் எழுதுவான். அதற்குப் பிறகு புத்தகத்தை நம்ப மாட்டான். பரிந்துரைக்கிறவன் செய்யக்கூடிய கெடுதலில் இதைவிடப் பெரியதை என்னால் யோசிக்க முடியவில்லை.

அன்றிரவு ஹெமிங்வேயை மறுபடி முழுக்கப் படித்தேன். 1952இல் வந்த சின்னப் புத்தகம். ஒரே இரவு போதும். லாட்டரிச் சீட்டு வாங்கப் பணமில்லை என்று வரும்போது பையன் மனோலின், கடன் கேட்டால் கிடைக்கும் என்கிறான். கிழவனுக்கு அதில் இஷ்டமில்லை, கடன் எதில் போய் முடியும் என்று அவனுக்குத் தெரியும். மீனைப் படகோடு கட்டிய பிறகு கிழவனுக்குத் தத்துவம் தோன்றுவதில்லை. கணக்குப் போடுகிறான். 1500 பவுண்டுக்கு மேல் இருக்கும்; கழிவு போக மூன்றில் இரண்டு பங்கு; பவுண்டு 30 சென்ட் என்று வைத்தால்? அதற்குப் பென்சில் வேண்டும் என்று விட்டுவிடுகிறான். என்னிடம் பென்சில் இருந்தது. 300 டாலர். ஒரு மணி நேரத்தில் முதல் சுறா வந்துவிடுகிறது.

கலைப்படைப்பை ரூபாய் அணாவில் அளக்கிற முற்போக்கு வாசிப்பு இது என்று நம் நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். அளந்தது ஹெமிங்வே. அந்த 300 டாலரைத் தெரிந்துகொண்ட பிறகு எலும்புக்கூடு எனக்குச் சிறியதாகிவிடவில்லை. என் பழைய கட்டுரைதான் சிறியதாகிவிட்டது.

முழு நாவலின் தமிழ் மொழிபெயர்ப்பு ஒன்றைத் தேடிப் பிடித்து அவனிடம் கொடுத்தேன். ஆறாம் வகுப்புக்கு அது கனம் என்றார் ஆசிரியர். இருக்கலாம். என்ன கற்றுக்கொண்டாய் என்று மட்டும் கேட்காதீர்கள் என்று அவரை வேண்டிக்கொண்டேன். நானும் கேட்கவில்லை. இரண்டு மாதம் வைத்திருந்தான். திரும்பி வந்தபோது அட்டை ஈரம் பட்டு உப்பியிருந்தது.

புத்தகத்தை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போகாமல் நின்றான்.

“அந்தப் பையனோட அப்பா நாப்பது நாள் பாத்துட்டு வேற படகுக்கு மாத்திட்டாரு. அதுல தப்பில்லையே சார்?”

மனோலினின் தகப்பனை நான் ஒரு பாத்திரமாகக்கூட எண்ணியதில்லை. அன்பைப் புரிந்துகொள்ளாத லௌகீகி என்று ஒரு வரியில் கடந்துபோயிருக்கிறேன்.

“கிழவரே தப்பில்லைன்னுதான் சொல்றாரு” என்று அவனே தொடர்ந்தான். “கடைசியில இனிமே உங்ககூடத்தான் வருவேன், வீட்டுல சொல்றதக் கேக்க மாட்டேன்ங்கிறான். அப்புறம் அவங்க வீட்டுல எப்படி சார்?”

எனக்குத் தெரியவில்லை என்றேன். அதற்கு மேல் அந்தப் புத்தகத்தில் இல்லை என்றும் சொன்னேன். அவன் யோசித்துவிட்டு, வேறு புத்தகத்தில் இருக்குமா என்று கேட்டான்.

ஆசிரிய நண்பர் நேற்றும் போன் செய்தார். பீரோவுக்குப் பூட்டு வாங்கிவிட்டாராம்.