ஒரே அளவுகோல் நீதியாகுமா?

பனிச்சறுக்குப் பந்தயம் ஒன்றில் ஒருவர் மற்றெல்லோரையும்விடக் குறைந்த நேரத்தில் எல்லைக் கோட்டை அடைகிறார். தங்கப் பதக்கமோ அவரிலும் சில விநாடிகள் கூடுதலாக எடுத்த இன்னொருவருக்குக் கிடைக்கிறது. இது நீதியா? அன்பான வாசகரே, உமது தீர்ப்பு என்ன?

தீர்ப்புக் கூறுமுன் அந்தப் போட்டியின் வரலாற்றைச் சற்று நோக்குவோம். 1948இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டவில் வைத்தியசாலையில், போரிலே காயமுற்றுச் சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 பேருக்கு டாக்டர் லூட்விக் குட்மன் வில்வித்தைப் போட்டி ஒன்றை நடத்தினார். அந்தச் சிறு விதையிலிருந்து வளர்ந்ததே அங்கவீனமுற்றோருக்கான பராலிம்பிக் விழா. அதன் முதலாவது குளிர்கால விழா 1976 பெப்ரவரியில் சுவீடன் நாட்டில் நடைபெற்றது. அங்கே அவயவம் இழந்தோரும் பார்வையற்றோருமே போட்டியிட்டனர். 1980இல் நோர்வேயில் நடந்த இரண்டாவது விழாவில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டோருக்கும் இடம் கிடைத்தது.

முன்னர் பனிச்சறுக்கில் ஊனத்தின் தன்மைக்கேற்பப் பல வகுப்புகளும், வகுப்புத்தோறும் தனிப் பதக்கங்களும் இருந்தன. 2006இல் இத்தாலியின் டூரின் நகரில் நடந்த விழாவில் நின்று சறுக்குவோர், அமர்ந்து சறுக்குவோர், பார்வைக் குறைபாடுடையோர் என மூன்று பிரிவுகளுக்கே பதக்கங்கள் வழங்கப்பட்டன. இங்கேதான் சிக்கல் எழுந்தது. அமர்ந்து சறுக்குவோருள் ஒருவருக்கு இடுப்பில் வலுவுண்டு. மற்றவருக்கு நெஞ்சுக்குக் கீழே உணர்வே இல்லை. இருவருக்கும் ஒரே கடிகாரமா? இதற்காகவே ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு விகிதம் வகுக்கப்பட்டுள்ளது. உதாரணமாக, ஒருவருடைய விகிதம் 90 வீதமானால், அவர் எடுத்த 100 விநாடிகள் 90 விநாடிகளாகவே கணிக்கப்படும்.

‘இது இரக்கத்தின்பேரில் கொடுக்கும் சலுகையன்றோ?’ என்று சிலர் கேட்கலாம். அன்று. இரக்கமானால் எல்லோருக்கும் பதக்கம் கொடுத்திருக்கும். இங்கே தங்கம் ஒருவருக்கே. முற்றாகப் பார்வையற்றோரின் வகுப்பில் எல்லோருமே ஒளி புகாத கண்ணாடி அணியவேண்டும். சிறிதளவு வெளிச்சம் தெரிவதுகூட ஒருவருக்கு அநீதியான உதவியாகிவிடக் கூடாது என்பதே காரணம். இத்துணைக் கண்டிப்புக்குப் பெயர் இரக்கமல்ல, நீதி. பங்கீட்டில் நீதி என்பது விகிதத்தில் அமைவது என்று அரிஸ்டோட்டில் என்றோ விளக்கியிருக்கிறார்.

மனிதன் வகுத்த விகிதம் பிழையற்றதாகுமா? ஆகாது. முந்திய பந்தயங்களின் பெறுபேறுகளைக் கொண்டே அது கணிக்கப்படுகிறது. காலத்துக்குக் காலம் திருத்தவும்படுகிறது. ஆயினும், திருத்தத்துக்கு இடமுள்ள அளவை, பாரத்தை எண்ணிப்பாராத அளவையிலும் மேலானதே.

நாமும் நாள்தோறும் பிறரை அளக்கிறோம். வகுப்பில் பின்தங்கிய பிள்ளையை முதலாம் பிள்ளையோடும், நோயுற்ற அயலவரின் உழைப்பைச் சுகதேகியின் உழைப்போடும் ஒப்பிட்டு, ‘எல்லோருக்கும் ஒரே சட்டந்தான்’ என்று பெருமையும் கொள்கிறோம். அவர்கள் எவ்வளவு தூரம் வந்தார்கள் என்று பார்க்கிறோம். எதைச் சுமந்துகொண்டு வந்தார்கள் என்று கேட்கிறோமா? விளையாட்டு நடுவர்கள் கேட்கும் இக்கேள்வியை நாமும் நம் வீட்டில் கேட்கத் தொடங்குவோம்.