தேய்மானக் கணக்கு

உங்கள் வீட்டில் பழைய தேக்கு பீரோ ஒன்று இருக்கிறதா? தாத்தா காலத்து மேஜை? பாட்டி சீதனமாகக் கொண்டுவந்த ஊஞ்சல் பலகை? இருந்தால், அதன் தலையெழுத்து இதுவரை மூன்று வகைதான். ஒன்று, போகிக்கு விறகு. இரண்டு, காயலான் கடை. கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தால் காரைக்குடி பழம்பொருள் கடை. மூன்று, மாடிப்படிக்கு அடியில் பழைய புடவையைப் போர்த்திக்கொண்டு நிரந்தரத் தூக்கம்.

இப்போது நாலாவதாக ஒன்று வந்திருக்கிறது. சாக் பெயின்ட்.

ஆனி ஸ்லோன் என்ற பெண்மணி 1990-ல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் ஆரம்பித்து வைத்த சமாசாரம் இது. பழைய வார்னிஷைச் சுரண்ட வேண்டாம், பிரைமர் வேண்டாம். துடைத்துவிட்டு அப்படியே அடிக்கலாம். பளபளப்பே இல்லாமல் வெள்ளையடித்த சுவர் மாதிரி மங்கலாகக் காயும். மேலே மெழுகு தேய்த்தால் முடிந்தது. வீட்டிலேயே தயாரிப்பவர்கள் சாதாரண எமல்ஷனில் சாக் பவுடரைக் கலக்குகிறார்கள். சாக் பவுடர் என்பது கால்சியம் கார்பனேட். பொங்கலுக்கு நாம் சுவரில் அடிக்கிற சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு கடைசியில் ஆவதும் அதே கால்சியம் கார்பனேட்தான். ஆக, நம் சுண்ணாம்புக்கு இது ஒன்றுவிட்ட தம்பி.

பலர் இதோடு நிறுத்துவதில்லை. பெயின்ட் காய்ந்ததும் உப்புத்தாளை எடுத்து ஓரங்களிலும் மூலைகளிலும் கைப்பிடியைச் சுற்றியும் லேசாகத் தேய்க்கிறார்கள். அடியிலிருக்கும் மரம் அங்கங்கே எட்டிப் பார்க்கும். ஐம்பது வருஷம் பல கைகள் பட்டுத் தேய்ந்தது போல ஒரு தோற்றம். அரை மணி நேரத்தில் அரை நூற்றாண்டு!

இதை வைத்து ஒரு வீட்டில் சண்டை வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். மருமகள் கையில் பச்சை பெயின்ட் டப்பா. மாமனார் பீரோவுக்கு முன்னால் நிற்கிறார்.

"ஏம்மா, எங்கப்பா ஆசாரிய வீட்டோட உட்கார வெச்சு செஞ்ச பீரோம்மா அது."

"தெரியும் மாமா. பத்து வருஷமா அதுல பழைய பேப்பர்தானே இருக்கு? நான் பெயின்ட் அடிச்சா பாப்பா துணியாவது வைப்பேன்."

யார் பக்கம் நியாயம்?

என் ஓட்டு, முதல் சுற்றில் மருமகளுக்குத்தான். உபயோகத்தில் இல்லாத பொருளுக்கு மரியாதை செய்கிறேன் என்று சொல்வது, ஊரிலிருக்கும் அம்மாவுக்கு போனே பண்ணாமல் படத்துக்கு மட்டும் பிரேம் போடுகிற மாதிரி. தவிர, பெயின்ட் அடிப்பது நமக்கு ஒன்றும் பாவமில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கும்பாபிஷேகத்துக்குக் கோபுரத்து சுதைச் சிற்பங்களுக்கெல்லாம் புது வர்ணம் பூசுகிறோம். பழைய பச்சை போச்சே என்று யாரும் அழுவதில்லை. வெள்ளைப் பளிங்கு என்று உலகமே கொண்டாடுகிற பழைய கிரேக்கச் சிலைகளும் ஒரு காலத்தில் வர்ணம் பூசப்பட்டவைதான். பிளைவுட் அலமாரிக்கோ, கடையில் வாங்கிய சாதா ஸ்டூலுக்கோ நீங்கள் ஏழு வர்ணமும் அடிக்கலாம். ஆட்சேபணையே இல்லை.

ஆனால் எல்லா மரமும் ஸ்டூல் இல்லையே. கள்ளக்குறிச்சிக்குப் போய்ப் பாருங்கள்.

விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019-ல் தனி மாவட்டமானது. 2024 ஜூனில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களை விஷச் சாராயம் குடித்துவிட்ட செய்தியால்தான் வெளியூர்க்காரர்கள் பலருக்கு அந்தப் பெயர் மனதில் நிற்கிறது. அந்த ஊருக்கு நல்ல பெயர் ஒன்றும் உண்டு. கள்ளக்குறிச்சி மரச்சிற்பம். 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரங்களில் வாகை, மா, தேக்கு என்று மரத்தைத் தேர்ந்தெடுத்து, உளியும் கொட்டாப்புளியுமாக உட்கார்ந்து பிள்ளையாரும் தசாவதாரமும் பூஜையறைக் கதவும் செய்கிறார்கள்.

மரத்துக்கு ரேகை உண்டு. அதை மதிக்காமல் உளியை வைத்தால் சிம்பு பெயர்ந்துவிடும். எந்த இடத்தில் ரேகை வளைகிறதோ அங்கே கன்னம் வரட்டும், இங்கே தும்பிக்கை வரட்டும் என்று யோசித்து இறங்குகிறவர்தான் நல்ல சிற்பி. அதன்மேல் கெட்டியான பெயின்ட்டை இரண்டு கோட்டிங் ஏற்றினால் என்ன ஆகும்? முதலில் ரேகை மறையும். பிறகு நகம், இமை, கழுத்து மாலையின் மணிகள் என்று நுணுக்கமெல்லாம் அடைபடும். நாள்கணக்கில் செதுக்கி வெளியே எடுத்த மரத்தூளை, நாம் சாக் பவுடராகத் திருப்பி உள்ளே போட்டு மூடுகிறோம்.

'காசு கொடுத்து வாங்கினேன். என் பொருள், என் இஷ்டம்' என்று சொல்லலாம். புவிசார் குறியீடு போலிக்காரரைத்தான் தடுக்கும். வாங்கியவர் கையைப் பிடிக்காது. ஆனால் இந்த 'என் இஷ்டம்' சட்டத்தில்கூட முழுசாகச் செல்லுபடியாகவில்லை. டெல்லி விஞ்ஞான் பவன் சுவரில் சிற்பி அமர்நாத் சேகல் செய்த பிரமாண்டமான வெண்கலச் சிற்பத்தை, 1979-ல் கட்டட வேலை என்று பெயர்த்துக் கிடங்கில் போட்டுவிட்டார்கள். அவர் வழக்குப் போட்டார். 2005-ல் டெல்லி உயர் நீதிமன்றம், காசு கொடுத்து வாங்கிய அரசாங்கத்துக்கும் படைப்பைச் சிதைக்க உரிமையில்லை என்றது. ஐந்து லட்சம் நஷ்டஈடு, மிச்சமிருக்கும் சிற்பமும் சிற்பிக்கே என்று தீர்ப்பு.

உங்கள் வீட்டு பீரோவைச் செய்த ஆசாரி எந்த கோர்ட்டுக்கும் வரப்போவதில்லை. அவர் பேர்கூட நமக்குத் தெரியாது. அவருக்காக வாதாட நம் மனசாட்சியை விட்டால் வக்கீல் கிடையாது.

சொந்தம் என்பதே தற்காலிக ஏற்பாடுதான். கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை. சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்று மூன்று ஜாகீர்தார்களிடம் பரம்பரையாக இருந்த மலை அது. 1976-ல் அரசு எடுத்துக்கொண்டது. ஒரு மலையையே 'என்னுடையது' என்று சொன்னவர்களின் சொல் தேய்ந்துபோய்விட்டது. நாம் ஒரு பீரோவைப் பற்றி எவ்வளவு அழுத்திச் சொல்லலாம் என்று யோசியுங்கள்.

தேய்மானம் என்றதும் நான் படித்த பி.காம். ஞாபகம் வருகிறது. வருமான வரிக் கணக்கில் மேஜை, நாற்காலிக்கு வருஷத்துக்கு 10 சதவீதம் தேய்மானம். அதுவும் ஒவ்வொரு வருஷமும் மிச்சமிருக்கும் மதிப்பில் 10 சதவீதம். பத்தாயிரம் ரூபாய் மேஜை பத்து வருஷத்தில் 3,487 ரூபாய். ஐம்பது வருஷத்தில் 52 ரூபாய். எத்தனை வருஷம் போனாலும் பூஜ்யம் ஆகவே ஆகாது! கணக்குப் பிள்ளைகள் தெரிந்தோ தெரியாமலோ சொல்லிவைத்த தத்துவம் இது.

தேய்மானம் என்பது நடந்ததற்கான பதிவு. மேஜை விளிம்பில் அப்பாவின் முழங்கை பட்டுப் பட்டு வழவழப்பான இடம், உலக்கையின் நடுவில் பாட்டி கை பிடித்த பள்ளம், ஊஞ்சல் சங்கிலி உரசிய வடு. நடக்காத செலவுக்கு வவுச்சர் எழுதினால் கள்ளக்கணக்கு என்கிறோம். பொறுக்காத கைகளுக்காக உப்புத்தாளில் எழுதும் தேய்மானத்தை என்னவென்று சொல்வது?

உங்கள் வீட்டு ஹாலில் அழகுக்காகச் செய்தால் அது வெறும் அலங்காரம், யாரும் ஏமாறவில்லை. அதையே 'செட்டிநாட்டு வீட்டுப் பழசு' என்று விலை சொன்னால் மோசடி. இரண்டுக்கும் நடுவில் ஒரு கொடுமை இருக்கிறது. அப்பாவின் முழங்கை பட்ட இடம் பெயின்ட்டுக்கு அடியில் போகிறது. நாலு அங்குலம் தள்ளி, யார் கையும் படாத மூலையில் போலியாக ஒரு தேய்மானம் உண்டாகிறது. நிஜமான பழசை மூடிவிட்டு, பொய்யான பழசைச் செய்துகொள்கிறோம். எனக்கு ஆட்சேபணை இந்த ஒன்றில்தான். பெயின்ட்டில் இல்லை.

சரி, என்ன செய்யலாம்? பழம்பொருள்களைப் பாதுகாக்கிற நிபுணர்களிடம் ஒரு விதி உண்டு. அடுத்து வருகிறவரால் திரும்ப எடுக்க முடிகிற வேலையைத்தான் கூடுமானவரை செய்யவேண்டும். நம் ஆசாரிகள் அடிக்கிற பிரெஞ்ச் பாலிஷ் அப்படிப்பட்டது. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசுகிறார்கள். ஸ்பிரிட்டாலேயே கரைத்து எடுத்துவிடலாம். சாக் பெயின்ட்டையும் தட்டையான பலகையிலிருந்து பாடுபட்டு எடுக்கலாம். செதுக்கு வேலைக்குள் புகுந்ததைச் சுத்தமாக எடுப்பது பெரும்பாடு. எடுக்கும்போது சிற்பமும் கொஞ்சம் கூடவே வந்துவிடும்.

ஆகவே மருமகளே, பக்கப் பலகைகளுக்குத் தாராளமாகப் பச்சை அடியுங்கள். செதுக்கிய பகுதியைத் துடைத்து பாலிஷோடு விடுங்கள். கதவின் உட்புறத்தைத் தொடாமல் வைத்து, என்ன மரம், யார் செய்யச் சொன்னது, எந்த வருஷம், என்றைக்குப் பெயின்ட் என்று பென்சிலால் எழுதிவையுங்கள். பாப்பா வளர்ந்து தன் வீட்டுக்கு எடுத்துப்போகும்போது முடிவு செய்ய அவளுக்கும் ஏதாவது மிச்சம் இருக்கட்டும்.

டப்பாவைத் திறப்பதற்கு முன் மாமனாரைக் கூப்பிட்டு, "மாமா, தாத்தா கை பட்ட இடம் எது?" என்று கேளுங்கள். அவர் காட்டுகிற இடத்தில் மட்டும் பிரஷ்ஷும் வேண்டாம், உப்புத்தாளும் வேண்டாம்.