நோய் விடுப்பும் வாய்மையும்

நோயுற்ற பணியாளனுக்கு ஓய்வளிப்பது முதலாளியின் தயவு என்று எண்ணப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அதனை உரிமையாக்கிய சட்டங்கள் நம் நாட்டு விடுதலையையொட்டித் தோன்றின. 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் சென்னை மாகாணக் கடைப் பணியாளர்க்கு ஆண்டுக்கு 12 நாள்வரை ஊதியத்துடன் நோய் விடுப்பு வகுத்தது. 1948ஆம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. சட்டம் தொழிலாளரும் முதலாளியும் சேர்ந்து பணம் செலுத்தும் பொதுநிதி ஒன்றை ஏற்படுத்தியது. பின்னர் அதன் பொருள் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பினுள் சேர்க்கப்பட்டது.

நோயின்றியே சான்று பெற்று விடுப்பெடுப்பவன் யாருடைய பொருளைக் கவர்கிறான்? “முதலாளிக்கு இதனால் என்ன குறைந்துவிடும்?” என்பது வழக்கமான மறுமொழி. ஆனால் அப்பொதுநிதியில் தொழிலாளர் ஒவ்வொருவரின் ஊதியத்திலிருந்தும் பிடித்த தொகை கலந்துள்ளது. 2019இல் குறைத்தபின் அது நூற்றுக்கு 0.75, முதலாளியின் பங்கு 3.25. ஆகவே பொய்ச்சான்று கொடுத்தவன் தன் அருகில் நின்று உழைப்பவனின் பொருளிலும் கைவைக்கிறான்.

இழப்பு அத்துடன் நிற்பதில்லை. ஈ.எஸ்.ஐ. முறையில் நோய்க்காலத்திற்கு முழு ஊதியம் தரப்படவில்லை. நூற்றுக்கு 70 பங்கே, அதுவும் ஆண்டுக்கு 91 நாள்வரை மட்டுமே தரப்பட்டது. முதல் இரண்டு நாட்களுக்குப் பொதுவாக எதுவுமில்லை. நிதியின் அளவு ஒரு காரணம் என்றாலும், நோயை நடிப்பவரைத் தடுக்கும் நோக்கமும் இதில் உண்டு. நடிப்பவனுக்காக இட்ட வேலியில் மெய்யாகவே காய்ச்சலில் கிடப்பவனின் கூலி குறைகிறது. பொய்யுரைத்துப் பயன் பெற்றால் ஆறு மாதச் சிறை வரையில் தண்டனை உண்டென்றும் அச்சட்டம் கூறிற்று. எனினும் தலைவலியையும் இடுப்புவலியையும் எந்த மருத்துவர் அளந்து காட்டுவார்? அவ்விடத்தில் சட்டம் நோயாளியின் சொல்லையே நம்ப வேண்டியிருக்கிறது.

முதலாளிமார் பக்கமும் ஒரு சொல். தங்கை திருமணத்திற்கு இரண்டு நாள் கேட்டவனைக் கடிந்து அனுப்பிவிட்டு, மறுநாள் அவன் “வயிற்றுப்போக்கு” என்று எழுதியனுப்பினால் சினப்பதில் பொருளில்லை. அப்பொய்யில் கடிந்தவருக்கும் பங்குண்டு. முன்னர்ச் சொன்ன 1947ஆம் ஆண்டுச் சட்டமே நோய் விடுப்புக்குப் புறம்பாக 12 நாள் தற்செயல் விடுப்பும் வகுத்திருக்கிறது. அதைக் கேட்டவுடன் கொடுக்கும் கடையில் பொய்ச்சான்றுக்குத் தேவை பெரிதும் குறைந்துவிடும்.

ஐயம் மிகுந்த கடைகளில் வேறொன்றும் நேர்கிறது. நடிக்கிறான் என்ற பழிக்கு அஞ்சி, இருமலோடும் காய்ச்சலோடும் வந்து தின்பண்டங்களைப் பொட்டலம் கட்டுகிறவன் அங்கே இருக்கிறான். அவனிடமிருந்து நோயை வாங்கிச் செல்பவர், அக்கடையின் விடுப்புக் கணக்கில் பெயரே இல்லாத வாடிக்கையாளர்.