மயிலிறகு பாரம்

மாதச் சம்பளக்காரர் ஒருவர் பழைய ஃபியட் காரை வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, மறுபடி புதுசு போல ஆக்க ஆசைப்படலாமா?

'அவர் இஷ்டம், அவர் காசு. நமக்கென்ன?' என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விடாதீர்கள். 'அவர் காசு' என்றீர்களே, அந்த இரண்டு வார்த்தையில்தான் வில்லங்கமே இருக்கிறது.

கார் என்பது ஒரு உதாரணம்தான். உங்கள் வீட்டில் அது கேமராவாக இருக்கலாம், பழைய இசைத்தட்டுகளாக இருக்கலாம், கலர் மீன் தொட்டியாகக்கூட இருக்கலாம். ஆனால், கார் அளவுக்கு காசைக் குடிக்கிற ஆசை வேறு இல்லை என்பதால் அதையே எடுத்துக்கொள்வோம்.

பழைய கார்ப் பைத்தியத்துக்கு சென்னை ராசியான ஊர். புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்காத உதிரி பாகம் அபூர்வம். பந்தயப் பைத்தியமும் இங்கே பழசு. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று சோழவரத்தில் சும்மா கிடந்தது. அதில் கார் ஓட்டிப் பந்தயம் நடத்தினார்கள். ஊரே பஸ் பிடித்துப் போய் வெயிலில் காய்ந்தது. பிறகு இருங்காட்டுக்கோட்டையில் முறையான டிராக் வந்தது. 2024 ஆகஸ்ட் கடைசியில் தீவுத்திடலைச் சுற்றியே ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் ஃபார்முலா 4 கார்கள் சீறின. வேடிக்கை பார்த்த கூட்டத்தில் எத்தனை பேருக்குக் கை அரித்திருக்கும்!

அரிப்பு எல்லோருக்கும் பொது. பர்ஸ்தான் பொது இல்லை. கோயமுத்தூர் மில் குடும்பத்தில் பிறந்த கரிவரதன் இதை நன்றாகப் புரிந்துகொண்டவர். மாருதி 800 இன்ஜினை வைத்து, ஒற்றை ஆள் உட்காரும் பந்தய கார்களை உள்ளூரிலேயே செய்தார். வெளிநாட்டு வண்டிக்கு வழியில்லாத பையன்களும் ஓட்ட முடிந்தது. 1995-ல் அவர் இறந்த பிறகு, கோவையில் இருக்கிற பந்தயப் பாதைக்கு அவர் பெயரை வைத்தார்கள். நியாயமான மரியாதை. ஆனால், அப்படி மலிவாக்கிய பிறகும் ரேஸ் என்பது டயரையும் பெட்ரோலையும் தின்கிற மிருகம்தான்.

சரி, ரேஸ் வேண்டாம், பழைய காரே போதும் என்கிறீர்களா? அதன் கணக்கைப் பார்ப்போம்.

எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம். ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறார். இரண்டு பிள்ளைகள், வீட்டுக் கடன், அம்மாவின் மாத்திரைச் செலவு. ஐம்பது வயது தாண்டிய ஒரு ஃபியட், 1089 சி.சி. இன்ஜின், ஸ்டீயரிங் பக்கத்திலேயே கியர். சின்ன வயதில் பக்கத்து வீட்டு டாக்டரிடம் அதே கார் இருந்ததாம். ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்கு வாங்கினார். 'இன்னும் ஒரு லட்சம் போட்டால் ராஜா மாதிரி ஓடும்' என்றார் மெக்கானிக்.

மெக்கானிக்குகள் பொய் சொல்வதில்லை. பாதி உண்மை சொல்வார்கள். கார்ப்பெட்டைத் தூக்கினால் தரைத் தகடு முழுக்கத் துரு. டிங்கரிங் என்று ஆரம்பித்தால் பெயின்ட்டிங்கில் முடியும். பெயின்ட் பளபளக்கும்போது பம்பர் பல்லிளிக்கும். அதற்குக் குரோமியம் பூச வேண்டும். பம்பர் மின்னினால் சீட் அழுக்காகத் தெரியும். இன்ஜின் ரீபோர், வயரிங், கண்ணாடியைச் சுற்றி ரப்பர்... மூன்று வருடத்தில் மொத்தம் நாலு லட்சத்து அறுபதாயிரம்.

இதோடு அரசாங்கக் கணக்கு வேறு. 15 வருடம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபாய் ஆக்கினார்கள். ஐம்பது வயது தாண்டி, அசல் வடிவம் மாறாமல் இருந்தால் 'விண்டேஜ்' என்று தனியாகப் பதிவு செய்யலாம் என 2021-ல் விதி வந்தது. அதற்கு 20,000 ரூபாய். ஆனால், அப்படிப் பதிந்த காரில் தினமும் ஆபீஸ் போக முடியாது. கண்காட்சி, ஊர்வலம் மாதிரியான விசேஷங்களுக்கு மட்டும்தான். அதாவது பட்டுப்புடவை மாதிரி.

நண்பரிடம் கேட்டால் என்ன சொல்வார் தெரியுமா? "இது இன்வெஸ்ட்மென்ட் சார். வருஷம் போகப் போக விலை ஏறும்."

நான் பி.காம். படித்தவன். அதனால் இந்த இடத்தில் குறுக்கிட வேண்டியது என் கடமை. விற்கிற எண்ணமே இல்லாத பொருளின் விலை ஏறினால் என்ன, இறங்கினால் என்ன? வருடா வருடம் அது கேட்கிற செலவையும், அதே பணம் பேங்கில் தூங்கியிருந்தால் வந்திருக்கும் வட்டியையும் கழித்துப் பார்த்தால், முதலீடு என்ற வார்த்தை வெட்கப்பட்டு ஓடிவிடும். இது செலவு. சுத்தமான, சந்தோஷமான செலவு.

அப்படிச் சொல்ல ஏன் கூச்சம்? அதுதான் எனக்கு ஆச்சரியம். 'எனக்குப் பிடிக்கும், அதனால் செய்கிறேன்' என்று சொல்ல நம்மில் பலருக்கு வாய் வருவதில்லை. நடுத்தர வர்க்கத்து அப்பாவுக்கு ஆசை என்று ஒன்று இருந்தால் அதற்கு வேறு ஏதாவது சட்டை போட்டுத்தான் வெளியே கூட்டிவர வேண்டும். முதலீடு என்ற சட்டை. அல்லது, 'பசங்க டெக்னிக்கலா கத்துக்குவாங்க' என்ற சட்டை.

வேறு சிலர் ஆசையையே கழுத்தைத் திருகிப் போட்டுவிடுவார்கள். குடும்பத்துக்காக எல்லாவற்றையும் துறந்த உத்தமர்கள். கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால், அவர்களில் எத்தனை பேர் அதை அத்தோடு விட்டார்கள்? "உங்களுக்காகத்தான்டா நான் எல்லாத்தையும் விட்டேன்" என்று இருபது வருடம் கழித்து சோற்றுத் தட்டுக்கு முன்னால் பில் நீட்டுகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். யாரும் கேட்காமல் கொடுத்த கடனுக்கு கூட்டு வட்டி! அந்தத் தியாகத்துக்கு ஒரு பழைய ஃபியட்டே தேவலாம்.

ஆகவே, ஆசை தப்பில்லை. தத்துவமும் ஆசையின் பக்கம் ஒரு சாட்சியை அனுப்புகிறது. ஓய்வுக்காகத்தான் மனிதன் உழைக்கிறான் என்றார் அரிஸ்டாட்டில். வேறு லாபம் எதுவும் எதிர்பார்க்காமல் அதற்காகவே செய்கிற காரியம்தான் உயர்ந்தது என்பது அவர் கட்சி. ஞாயிற்றுக்கிழமை காலையில் கார்புரேட்டரைப் பிரித்து, பேப்பர் விரித்து, ஒவ்வொரு திருகையும் வரிசையாக வைக்கிற ஆசாமியின் முகத்தைப் பார்த்தால் அரிஸ்டாட்டில் சொன்னது சரி என்றுதான் தோன்றும்.

ஆனால், அந்த கிரேக்கப் பெரியவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. 'ஐயா, உங்கள் ஊர் கனவான்கள் ஓய்வாக உட்கார்ந்து தத்துவம் பேசினார்களே, அப்போது வீட்டில் தண்ணீர் இறைத்தது யார்?' அடிமைகளும் பெண்களும். ஒருவருடைய ஓய்வு இன்னொருவர் தோளில் உட்கார்ந்திருந்தது.

இப்போது நண்பர் வீட்டுக்கு வாருங்கள். அவர் காருக்கு அடியில் படுத்திருக்கும் ஞாயிற்றுக்கிழமையில் பையனை டியூஷனுக்குக் கூட்டிப்போவது யார்? அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போவது யார்? பில்லில் வராத செலவு இது.

'காசு அவர் சம்பாதித்ததுதானே?' என்ற கேள்விக்கு என் காமர்ஸ் புத்தகத்தில் ஒரு பதில் உண்டு. 1932-ம் வருடத்துக் கூட்டு வியாபாரச் சட்டம். நாலு பேர் சேர்ந்து கடை போடுகிறார்கள். ஒருவர் முதல் போட்டார், இன்னொருவர் உழைப்பை மட்டும் போட்டார். லாபத்தை எப்படிப் பங்கு போடுவது என்று எழுதிக்கொள்ளவில்லை. சட்டம் என்ன சொல்கிறது? சரி பங்கு! போட்ட முதலைப் பார்ப்பதில்லை. கூட்டாளிகள் ஒருவருக்கொருவர் நியாயமாக நடக்க வேண்டும், உண்மையான கணக்கும் முழுத் தகவலும் தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. முன்பின் தெரியாதவனோடு மளிகைக் கடை போட்டாலே இவ்வளவு நியாயம் உண்டு. கட்டிய மனைவிக்கு இதில் பாதியாவது வேண்டாமா?

கூட்டு வியாபாரத்தில் 'டிராயிங்ஸ்' என்று ஒரு கணக்கு உண்டு. கூட்டாளி தன் சொந்தச் செலவுக்குக் கடையிலிருந்து எடுக்கிற பணம். எடுக்கக் கூடாது என்று யாரும் சொல்வதில்லை. எடுக்கலாம். ஆனால் எழுத வேண்டும். கடைச் செலவு என்று எழுதக் கூடாது, எடுத்தவர் பெயரில் எழுத வேண்டும். மற்றக் கூட்டாளிக்கும் அதே உரிமை உண்டு. ஃபியட் கார், என்னைக் கேட்டால், டிராயிங்ஸ். முதலீடும் இல்லை, பாவமும் இல்லை.

இதில் நேர்மையைச் சோதிக்க ஒரு சின்ன வழி சொல்கிறேன். கடையில் 6,000 ரூபாய் கொடுத்துவிட்டு, வீட்டில் வந்து "ரெண்டாயிரம்தான்" என்று சொல்கிறீர்களா? பில்லை டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் வைக்கிறீர்களா? அப்படியானால் தப்பு எங்கே நடந்தது என்று உங்களுக்கே தெரியும். நாலு லட்சத்தை சொல்லிவிட்டுச் செலவழிப்பதைவிட, நாலாயிரத்தை மறைத்துச் செலவழிப்பதுதான் வீட்டை அதிகம் அரிக்கும். துருவும் கார்ப்பெட்டுக்கு அடியில்தான் பிடிக்கிறது.

நண்பர் மறைக்கிற ரகம் இல்லை. டைரியில் பைசா விடாமல் எழுதி வைத்திருக்கிறார். அதை அவர் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தபோது, காபி கொண்டுவந்த அவர் மனைவி சொன்னது எனக்கு மறக்கவில்லை.

"காரைப் பத்தி நான் ஒண்ணும் குறை சொல்லலை சார். அவருக்கு ஒரு ஆசை இருக்குன்னு தெருவுக்கே தெரியும். எனக்கு என்ன ஆசைன்னு இந்த வீட்ல யாருக்காவது தெரியுமான்னு கேளுங்க."

நண்பர் விழித்தார். விஷயம் இதுதான். அந்த அம்மாவுக்குத் தபால் வழியில் எம்.ஏ. வரலாறு படிக்க ஆசை. பிள்ளைகள் பிறந்ததிலிருந்து தள்ளிப்போட்டு வந்தார். செலவு என்று வாயே திறக்கவில்லை. டைரியில் பார்த்தோம். ஒரு வருட ஃபீஸ், இரண்டு பம்பருக்குக் குரோமியம் பூசிய கூலியைவிடக் குறைச்சல்.

அவர் கேட்டிருந்தால் நண்பர் மறுத்திருக்க மாட்டார். எனக்குத் தெரியும், தங்கமான மனுஷன். ஆனால், கேட்க வேண்டியிருந்தது என்பதுதான் சங்கடம். ஒருவர் எடுத்துக்கொள்கிறார், இன்னொருவர் கேட்டு வாங்க வேண்டும் என்றால், டைரியில் பைசா சுத்தமாக இருந்தும் கணக்கு டேலி ஆகவில்லை.

சீட் கவர் வேலையைத் தள்ளிப்போட்டார் நண்பர். இப்போதைக்கு ஃபியட்டின் பின் சீட்டில் பழைய பெட்ஷீட் விரித்திருக்கிறது. எம்.ஏ. முதல் வருடப் புத்தகங்கள் வந்துவிட்டன. பரீட்சை சமயத்து ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஷெட்டிலேயே நிற்கும் என்று ஒப்பந்தம்.

பந்தயம் ஓட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு இன்னொரு வார்த்தை. உங்கள் மோட்டார் பாலிசியைத் தூசு தட்டி எடுத்துப் படியுங்கள். எந்த உபயோகத்துக்கெல்லாம் பொருந்தாது என்ற பட்டியலில் பந்தயமும் வேகச் சோதனையும் இருக்கும். ஏதாவது ஆனால் அந்தப் பாரம் முழுக்கக் குடும்பத்தின் தலையில். அமெரிக்காவில் 2006-லிருந்து ஒரு வேடிக்கையான ரேஸ் நடக்கிறது. 500 டாலருக்கு மேல் காருக்குச் செலவழிக்கக் கூடாது என்பது விதி. ஓட்டை உடைசல் எல்லாம் வரும். ஆனால், உயிர் காக்கிற சாமான்களின் விலையை அந்த 500-ல் சேர்க்க மாட்டார்கள். அதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. நம் வீட்டுக்கும் அந்த விதி பொருந்தும். பிள்ளைகள் படிப்பு, மருத்துவச் செலவு, ஆறு மாதச் சாப்பாட்டுக்கு ஒரு சேமிப்பு. இவற்றைத் தொடாமல் மிச்சம் இருப்பதில்தான் பட்ஜெட் போட வேண்டும். அந்த மிச்சத்தையும் இரண்டு பேருக்குமாகப் பிரித்தால், உங்கள் பங்குக்கு முழு கார் தேறாமல் போகலாம். வருடத்துக்கு ஒரு கதவு என்று செய்யுங்களேன். நாலு கதவுக்கு நாலு வருடம். அவசரம் காருக்கு இல்லை.

வள்ளுவர் வலியறிதல் என்று ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார். அரசன் தன் படைபலத்தைத் தெரிந்துகொண்டு கிளம்ப வேண்டும் என்று சொல்ல வந்த இடம். அங்கே ஒரு வண்டி வருகிறது. மயிலிறகு ஏற்றிய வண்டி. இறகுதானே என்று அளவில்லாமல் ஏற்றினால் அச்சே முறியும் என்கிறார். அதற்கு மூன்றாவது குறளில், வரவு சிறிதானாலும் பரவாயில்லை, செலவு அதைவிட அகலமாகாமல் இருந்தால் போதும் என்று குடும்பக் கணக்குக்கு இறங்கி வந்துவிடுகிறார்.

மயிலிறகு என்று அவர் சொன்னது எனக்கு ரொம்பப் பிடிக்கும். அச்சை முறிப்பது கல்லும் மண்ணும் என்றால் எல்லோருமே உஷாராக இருப்போம். அழகானது, லேசானது, ஆசையானது... அதை ஏற்றும்போதுதான் கை நிற்காது.

ஏற்றுங்கள், தப்பில்லை. ஆனால், அந்த வண்டியில் இன்னொருவருடைய இறகுக்கும் இடம் விட்டிருக்கிறீர்களா? உங்கள் வீட்டில் அந்த இன்னொருவருக்கு என்ன ஆசை என்று இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும் உங்களுக்குத் தெரியுமா?

தெரியாது என்றால் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் போய்க் கேளுங்கள். பெரும்பாலும் ஒரு பம்பரைவிட விலை குறைவாகத்தான் இருக்கும்.